வெங்காயம் கடைசியில்தான், மீனா

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் நீ நம்பப்போவதில்லை, அதனால் மன்னிப்பு மட்டும். இங்கே எல்லாரும் சௌக்கியம். சுந்தரி அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாலு அதே பாலுதான்.

கார்த்திக்குக்கு இடம் அமைந்ததைப் படித்து இரண்டு நாள் வேறு வேலை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். சம்பந்தி வீட்டார், அமெரிக்கர்கள் நவம்பரில் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு அழைத்து, "நீங்கள் கிரீன் பீன் கேசரோல் மட்டும் கொண்டுவாருங்கள்" என்றார்களாம். அதற்குக் கீழேயே நீ, "பீன்ஸ்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. "பார்த்துக்கொள்ளலாம்" என்று நீ இறங்கிய காரியங்களில் ஹாஸ்டல் பாயசம் ஒன்று போதும். மற்றவற்றை நான் எடுக்கவில்லை.

இது அவர்களுக்கு வெறும் காய் இல்லை, மீனா. பீன்ஸைக் காளான் சாஸில் கலந்து, மேலே வறுத்த வெங்காயம் தூவி ஓவனில் சுடுகிற பண்டம். 1955இல் நியூ ஜெர்சி மாநிலம் கேம்டனில் இருந்த கேம்பெல் சூப் கம்பெனியின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரைலி என்ற அம்மாளும் அவருடைய குழுவும் உண்டாக்கியது. முதலில் வைத்த பெயர் 'கிரீன் பீன் பேக்'. எந்த வீட்டிலும் கைக்கு எட்டும் சாமானாக இருக்க வேண்டும், வேலையும் கம்மியாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பீன்ஸ், டின் காளான் சூப், பால், சோயா சாஸ், மிளகு, வறுத்த வெங்காயம்: ஆறே பொருள். அவர் கைப்பட எழுதிய சமையல் குறிப்பு அட்டை 2002இல், கண்டுபிடிப்பாளர்களைக் கௌரவிக்கும் நேஷனல் இன்வென்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனது. 2018இல், 92 வயதில் காலமானார். அமெரிக்காவில் பல பேருக்கு, தேங்க்ஸ்கிவிங் வருகிற நவம்பர் மாத நாலாம் வியாழக்கிழமை என்றாலே நாக்கில் வருகிற ருசி இது. அதனால் கடுகு தாளிக்கிற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடு. பீன்ஸ் மெத்தென்று, சாஸ் வழவழவென்று, மேலே வெங்காயம் மொறுமொறுவென்று. இந்த மூன்றும் இருந்தால் நீ ஜெயித்தாய்.

அவசரத்துக்கு டின் சூப்பிலேயே செய்யலாம், அதில் குறைவொன்றும் இல்லை. 10.5 அவுன்ஸ் சூப் ஒன்று, பால் அரை கப், சோயா சாஸ் ஒரு டீஸ்பூன், கொஞ்சம் மிளகு, வெந்த பீன்ஸ் நாலு கப், வறுத்த வெங்காயம் ஒன்றே கால் கப்புக்குக் கொஞ்சம் மேல். பாதி வெங்காயத்தைக் கலந்து 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 நிமிடம், மீதியைத் தூவி இன்னும் 5 நிமிடம். ஆறு பேருக்கு ஆகும். ஆனால் உனக்குப் பன்னிரண்டு பேர், அதுவும் முதல் தடவை. சாஸை நீயே காய்ச்சு.

ஒன்றை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும். இது கெடுவது தண்ணீரால்தான். பீன்ஸில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், காளானில் அதற்கும் மேல். ஆழமான ட்ரேயில் அரை மணி நேரம் வைத்தால் மேல்தோல் மட்டும் கொஞ்சம் காயும். உள்ளே போன தண்ணீர் உள்ளேயேதான் இருக்கும். ஓவன் வற்றவைத்துக்கொள்ளும் என்று எண்ணாதே. வற்ற வேண்டியது எல்லாம் அடுப்பிலேயே வற்றிவிட வேண்டும்.

900 கிராம் பீன்ஸ் எடு. காம்பை நீக்கி, விரல் நீளத்தில் பாதியாக நறுக்கு. பொரியலுக்கு அரிவதுபோலப் பொடிப்பொடியாக அரியாதே. வெட்டுவாய் கூடக் கூட உள்ளே தண்ணீர் ஏறும், கடைசியில் சாஸில் கரைந்து கூழாகும். பெரிய பாத்திரத்தில் நாலு லிட்டர் தண்ணீர், இரண்டு டேபிள்ஸ்பூன் உப்பு, நன்றாகத் தளதளவென்று கொதித்ததும் பாதிப் பீன்ஸைப் போடு, மீதி அடுத்த தவணைக்கு. மூடாதே. காயிலிருந்து கிளம்பும் புளிப்பான ஆவி மூடியில் பட்டுத் திரும்பி விழுந்தால் பச்சை மங்கி மஞ்சள் பாரித்துவிடும். சோடா உப்பும் வேண்டாம். நிறம் பிரமாதமாக நிற்கும், தோல் கொழகொழத்துவிடும்.

எத்தனை நிமிடம் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சாலடுக்கு மாதிரி இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டு, மீதி ஓவனில் வெந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். சாஸுக்குள் இருக்கும் காய்க்கு அந்தச் சூடு போதாது. போகும்போது இருந்த விறைப்பு கொஞ்சம்தான் தளரும். தட்டில் வந்த பிறகும் பல்லில் கீச்சென்கும். ஐந்து ஆறு நிமிடம் விடு. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார், கீச் சத்தம் போயிருக்க வேண்டும், உருவம் குலையக் கூடாது. உடனே ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம், அவ்வளவுதான், ஊறவிட்டால் குடித்துவிடும். வடித்து, பருத்தித் துண்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு துண்டு போட்டு ஒற்றி, கால் மணி நேரம் விடு. வடிதட்டில் வடித்ததோடு போதும் என்று மட்டும் நினைத்துவிடாதே. ட்ரேயின் மூலையில் தேங்குகிற தண்ணீரில் பெரும்பங்கு இங்கேதான் புறப்படுகிறது.

உறைந்த பீன்ஸ் என்றால் அது ஏற்கெனவே அரைவேக்காடு. திரும்ப வேகவைக்காமல், முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் இளகவிட்டு, துண்டில் சுற்றிப் பிழிந்துவிடு. டின் பீன்ஸ் என்றால் நாலு டின் ஆகும். அலசி, வடித்து, ஒற்றி எடு.

இப்போது அந்தப் பாட்டில் விஷயம். பக்கத்து வீட்டு அம்மாள் தோட்டத்துப் பீன்ஸை வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து ஆறு கொடுத்தார், அதையே போட்டுவிடலாமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தாய். மீனா, இது விளையாட்டில்லை. பீன்ஸில் புளிப்பு மிகக் குறைவு. காற்றுப் புகாத பாட்டிலுக்குள் பாட்டுலிசம் என்கிற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி தழைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. கொதிக்கிற தண்ணீரில் பாட்டிலை வைத்தால் அதன் வித்து செத்துவிடும் என்று நம்ப முடியாது. அழுத்தத்தில் 240 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போக வேண்டும். அதற்கென்று உள்ள பிரஷர் கேனரில், பைன்ட் (சுமார் அரை லிட்டர்) பாட்டிலுக்கு 20 நிமிடம், குவார்ட் (சுமார் ஒரு லிட்டர்) பாட்டிலுக்கு 25 நிமிடம், இடத்தின் உயரத்துக்குத் தக்க அழுத்தத்தில். 2015 ஏப்ரலில் ஒஹாயோவில் ஒரு தேவாலய விருந்துக்கு வந்தவர்களில் 29 பேர் இந்த நோயில் விழுந்தார்கள், ஒருவர் இறந்துபோனார். காரணம், அழுத்தத்தில் வைக்காமல் வெறும் கொதிநீரில் வீட்டில் அடைத்த உருளைக்கிழங்கில் செய்த சாலட். பாட்டிலைப் பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த அம்மாளிடம் எப்படி அடைத்தார் என்று மரியாதையாகக் கேள். "பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்தேன்" என்று சொன்னாலோ, அவருக்கே சரியாக நினைவில்லை என்றாலோ, திறக்காமல், ருசி பார்க்காமல் குப்பைக்குப் போகட்டும். அவர் மனசு நோகுமே என்று யோசிக்காதே. பன்னிரண்டு பேர் சாப்பிடப்போகிறார்கள்.

சரி, காளானுக்கு வருவோம். 450 கிராம் பட்டன் காளான், கால் அங்குலத்துக்கும் மெல்லிதாக வில்லை போடு. அகலமான வாணலி, கொஞ்சம் வெண்ணெய், நல்ல தீ, இரண்டு தவணையாக. ஒரேயடியாகக் கொட்டினால் தன் தண்ணீரிலேயே வெந்து சவசவத்துப் போகும். உப்பை முதலிலேயே போடுவதா கடைசியிலா என்று ஆளுக்கொரு விதி சொல்வார்கள். எப்போது போட்டாலும் சரி, ஈரம் முழுக்க வற்றும்வரை பொறுமையாக நிற்பதுதான் காரியம். காதால் கேள். முதலில் கொதிக்கிற சத்தம் வரும், அப்புறம் அது பொரிகிற சத்தமாக மாறும். அதற்குப் பின் ஓரம் சிவக்கவிடு. எட்டு பத்து நிமிடமாகும். நசுக்கிய பூண்டு மூன்று பல் போட்டு அரை நிமிடத்தில் இறக்கு.

சாஸுக்கு வெண்ணெய் 60 கிராம் உருக்கி, மைதா ஐந்து டேபிள்ஸ்பூன் சேர்த்து, மிதமான தீயில் இரண்டு நிமிடம் கிளறு. பச்சை மாவு வாசனை போக வேண்டும், நிறம் மாறக் கூடாது. காய்கறி ஸ்டாக், அதாவது காய்கறிகளை வேகவைத்து வடித்த சாறு (பீன்ஸ் வெந்த உப்புத் தண்ணீர் இல்லை), 350 மில்லி, ஒரு கரண்டி ஊற்றி அது முழுதும் இழுத்துக்கொண்ட பிறகே அடுத்த கரண்டி. பிறகு கொழுப்பு நீக்காத பால் 350 மில்லி. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, அடி பிடிக்காமல் கிளறியபடி, மொத்தம் அரை லிட்டர் ஆகும்வரை வற்றவை. கரண்டியின் முதுகில் விரலால் ஒரு கோடு இழு, கோடு மூடாமல் நின்றால் பதம். சோயா சாஸ் ஒரு டீஸ்பூனை மறக்காதே. கறுப்பாக இருக்கிறதே என்று தயங்குவாய், காளானின் ருசியைத் தூக்கிக் கொடுப்பது அதுதான். மிளகு அரை டீஸ்பூன். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடு, வறுத்த வெங்காயத்திலும் உப்பு இருக்கிறது. சீஸ் பழைய முறையில் கிடையாது. ஆசைப்பட்டால் 100 கிராம் துருவி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கலக்கு. கொதிக்கும்போது போட்டால் திரிதிரியாகி எண்ணெய் பிரியும்.

பீன்ஸ், காளான், சாஸ், ஒரு கைப்பிடி வறுத்த வெங்காயம், எல்லாம் கலந்து 9க்கு 13 அங்குல ட்ரேயில் போடு. உள்ளே போகிற வெங்காயம் ஊறிப்போகும், அது குறையில்லை. சாஸைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்கும். இப்போது ட்ரேயைச் சாய்த்துப் பார். மூலையில் திரவம் ஓடிச் சேர்ந்தால், சாஸை வடித்து இன்னும் வற்றவைக்க இதுதான் கடைசிச் சந்தர்ப்பம்.

மேலே தூவ, கடையில் கிடைக்கும் ஆறு அவுன்ஸ் பாக்கெட்டில் மீதி இருப்பதே சரியாக இருக்கும். நீயே வறுப்பதானால் இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நீளவாக்கில் அரிந்து, உப்புப் போட்ட மைதாவில் புரட்டி உதறி, மிதமான சூட்டு எண்ணெயில் இளம்பொன்னாகும்போதே எடுத்துவிடு. வெளியே வந்த பிறகும் சிவக்கும். முழுசாக ஆறாமல் டப்பாவை மூடாதே.

இனிமேல்தான் உனக்கு நிஜமான சோதனை, ஏனென்றால் இதை நீ இன்னொரு வீட்டுக்கு எடுத்துப் போகிறாய். ட்ரேயை முதல் நாளே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். வெங்காயம் மட்டும் தனி டப்பாவில். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போ. அவர்களிடம் முன்கூட்டியே ஓவன் நேரம் கேட்டு வாங்கு. வான்கோழியை வெளியே எடுத்து அறுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஆறவிடுவார்கள், அந்த இடைவெளி உன்னுடையது. கண்ணாடி ட்ரேயாக இருந்தால் குளிர்ந்தபடியே சூடான ஓவனுக்குள் தள்ளாதே, விரிசல் விடும். கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும், அல்லது உலோக ட்ரேயாகவே எடுத்துக்கொள். 350 டிகிரியில், குளிர்ந்திருந்தால் 35 நிமிடம்வரை ஆகும். ஓரம் மட்டும் கொதிப்பதை நம்பாதே, நடுவிலும் குமிழி வர வேண்டும். அதன் பிறகே வெங்காயம், ஐந்து நிமிடம். அது முன்பே வறுபட்டது; ஆரம்பத்திலேயே தூவினால் கருகிக் கசக்கும்.

ஓவன் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்களா? வீட்டிலேயே சுடவைத்து, ஃபாயில் மூடி, தடித்த துண்டு சுற்றி, ஐஸ் போடாத ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போ. வெங்காயத்தை மேசையில் வைக்கும்போது தூவு. ஃபாயிலுக்குள் ஆவியோடு அது பயணம் செய்தால் ஊறவைத்த அவல் மாதிரி ஆகிவிடும்.

அத்தனைக்குப் பிறகும் தண்ணீராக வந்துவிட்டால், மூலையில் தேங்கியதைச் சின்னப் பாத்திரத்தில் சாய்த்துக் கொதிக்கவை. வெண்ணெயும் மைதாவும் ஒவ்வொரு டேபிள்ஸ்பூன் பிசைந்து அதில் கரைத்து, கெட்டியானதும் திரும்ப ஊற்று. ட்ரேயின் மேல் நேராக மாவைத் தூவாதே, கட்டி தட்டும்.

கோதுமை, பால், சோயா மூன்றும் இதில் இருக்கின்றன. யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று இன்றைக்கே கேள். அப்படியே, பெண்ணின் பாட்டி எதில் செய்வார் என்பதையும் விசாரி, டின் பீன்ஸா புதுசா என்று. டின்னில் பழகினவர்களுக்குக் கொஞ்சம் குழைந்த பீன்ஸ்தான் பிடிக்கும். அப்படியானால் வேகவைக்கும்போது இரண்டு நிமிடம் கூட விடு. மிஞ்சினதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்.

பாட்டில் பற்றி அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று உடனே எழுது. மற்றதற்கு மெதுவாகப் பதில் போடலாம்.

அன்புடன்,
வசந்தி