கால் அளவு

கோத்தகிரி,
நவம்பர் 28.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் குளிர் ஏறினால் ஏறுகிறது, குளிர் இறங்கினால் இறங்குகிறது. நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் கேட்கிறாய். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்லும் ஒவ்வொன்றையும் திருத்துகிறாள். ஒரு விஷயத்தையும் உருப்படியாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். அவள் இப்போது மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குக் கடையில் ஒன்றும் வாங்கப் போவதில்லை, பரிசுகூட வீட்டிலேயே செய்யப் போகிறோம், அந்தக் காலத்தில் நம் வீட்டில் என்னென்ன செய்தோம் என்று கேட்டாய். சந்தோஷம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நாங்கள் எல்லாவற்றையும் கையால் செய்தது கலை ஆர்வத்தால் அல்ல, காசில்லாமல்தான். தேயிலை ஃபேக்டரியில் போனஸ் தீபாவளிக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். டிசம்பர் பிறக்கும்போது அது எந்த வழியாகப் போனது என்றே தெரியாது. இதை நம் பேரன் சின்னவனிடம் சொல்லும்போது ரொம்ப அழகாக்கிச் சொல்லாதே.

முதலில் ஸ்டார். ஒரே நீளத்தில் பத்து மூங்கில் சிம்பு வேண்டும். இங்கிலாந்தில், உங்கள் லீட்ஸில் மூங்கில் கிடைக்காவிட்டால் தோட்டச் சாமான் கடையில் செடிக்கு ஊன்றுகிற மெல்லிய குச்சி இருக்கும், அது போதும். ஐந்தை வைத்து ஒரு நட்சத்திரம், மற்ற ஐந்தை வைத்து இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனையிலும் நூலால் இறுக்கிக் கட்டு. அப்புறம் உள்ளே குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்கிற ஐந்து இடத்திலும், நாலு விரல் நீளத்துக்கு ஒரு குச்சியைக் கொடுத்து இரண்டையும் விலக்க வேண்டும். அப்போதுதான் அதற்கு வயிறு உப்பும். நீ அளவெடுக்காமல் கட்டி, ஒரு முனை மட்டும் நீண்டு, பக்கத்து வீட்டுக்காரர் "இது நட்சத்திரமா, வால்வெள்ளியா?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு நாம் வேண்டுமென்றே வால் வைத்தோம். டீ பெட்டிக்குள் ஒட்டியிருக்கிற வெள்ளித்தாளை நீளநீளமாகக் கிழித்துத் தொங்கவிட்டால், காற்றில் சரசரவென்று ஆடும்.

ஒட்டுவதற்கு மைதா பசை. கரப்பான் தின்னாமல் இருக்க நான் அதில் துத்தம் ஒரு சிட்டிகை போடுவேன். அது விஷம், குழந்தை இருக்கும் வீட்டில் நீ போடாதே. நமக்குப் பெரிய எதிரி கரப்பான் அல்ல, மழை. மலையின் மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு ஜூனில் வருகிற மழை நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். தொட்டபெட்டா மலை அந்தப் பக்கம் மறைத்துக்கொண்டு நிற்பதால் கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் மழை. திண்ணையில் தொங்கவிட்ட ஸ்டார் மூன்றே நாளில் பசை ஊறிக் கழன்றுவிடும். பிறகுதான் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள்: தாளை ஒட்டுவதற்கு முன் மெழுகுவர்த்தியை அதன்மேல் நன்றாகத் தேய்த்துவிடுவது. தண்ணீர் உருண்டு ஓடிவிடும். உங்கள் ஊர் தூறலுக்கும் இது சரிப்படும் என்று நினைக்கிறேன்.

குடிலுக்குப் பச்சை வேண்டும் என்று மரத்துப் பாசியை உரிக்க வேண்டாம். அது திரும்ப வளர வருஷக் கணக்காகும். ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவினால் போதும். கீழ்நாட்டில் ஒரு வாரத்தில் பச்சை கட்டும். நமக்குக் குளிரில் இரண்டு வாரம் ஆகும். கடிதம் கிடைத்த உடனே தூவிவிடு.

பலகாரத்தில் கல்கல் செய்வதைச் சின்னவனிடம் விட்டுவிடு. மைதா, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை, கொஞ்சம் உப்பு. மாவு சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக இருக்கட்டும். கோலிக்குண்டு அளவு எடுத்து, புதுச் சீப்பின் பல்மேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி உருட்டினால் சிப்பி மாதிரி சுருண்டு விழும். புதுச் சீப்பு என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அதை நீயே அவனுக்குச் சொல். கேக்கைப் பற்றி அம்மாதான் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் திராட்சைச் சாற்றில் பழத்தை ஊறவைப்பதும், தகர டின்னைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவதும்தான். ராத்திரி ரொட்டி வேலை முடிந்த பிறகு விறகு அடுப்பின் சூட்டிலேயே நம் டின்களையும் உள்ளே தள்ளிவிடுவார்கள். ஒரு வருஷம் டின் மாறிப்போய் யார் வீட்டுக் கேக்கோ நம் வீட்டுக்கு வந்தது. நம்முடையதைவிட நன்றாக இருக்கிறது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கு இன்றுவரை மன்னிப்புக் கிடைக்கவில்லை.

சரி, பரிசுக்கு வருகிறேன்.

நம் வீட்டிலிருந்து வருஷா வருஷம் போன பரிசு ஒன்றே ஒன்றுதான். கையால் உருட்டிய தேயிலை. இந்த ஊரில் தேயிலையைப் பரிசாகக் கொடுப்பது கடலுக்கு உப்பு கொண்டுபோவது போல என்று உன் பெரியப்பா கிண்டல் செய்வார். அவருக்குப் புரியாதது ஒன்று உண்டு. தோட்டம் வைத்திருப்பவர்கள் பச்சை இலையை ஃபேக்டரிக்குப் போட்டுவிட்டுக் கடையில் டஸ்ட் வாங்கித்தான் குடிப்பார்கள். மேல்வீட்டுப் படுகர் தாத்தாவிடம் ஒரு கிலோ இலை கேட்டு வாங்கி, தூளாக்கி, பண்டிகை அன்று அவர் கையிலேயே ஒரு பை கொடுத்தேன். மறுநாள் காலையில் வந்து, "இது என் தோட்டத்து இலையா? என் இலை இப்படியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றார். அதற்கு அடுத்த வாரம் படுகர்களின் பண்டிகையான ஹெத்தை ஹப்பா முடிந்து அவர்கள் வீட்டிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு வந்தது. அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது, தாத்தா போன பிறகும்.

இந்த வருஷமும் உருட்டிவிட்டேன். போன வாரம் மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில் அடித்தது. கொழுந்தும் இரண்டு இலையுமாகக் கிள்ளி வாங்கினேன். நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள், அதுதான் கணக்கு. முறத்தில் மெல்லியதாகப் பரப்பி அடுப்படியில் ஒரு ராத்திரி முழுவதும் வாட்டினேன். கைப்பிடி அள்ளி அழுத்தினால் பந்தாக நிற்க வேண்டும், காம்பை மடக்கினால் ஒடியக் கூடாது. அதுதான் பதம். பிறகு உள்ளங்கையால் உருட்டல். முன்பெல்லாம் அரை மணி நேரம் விடாமல் உருட்டுவேன். இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்துகொள்கிறேன். கை முழுவதும் பிசுபிசுவென்று பச்சைச் சாறு ஒட்டும். நகக்கண்ணில் ஏறிய கறை பண்டிகை வரைக்கும் போகாது.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். உருட்டியதை உதிர்த்து, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, ஈரத் துணியால் மூடிப் புளிக்க வைக்க வேண்டும். இங்கே குளிரில் நாலு மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். முதலில் புல் அறுத்த வாசனை வரும். அது மெல்ல அடங்கி, பழுத்த ஆப்பிளை நறுக்கின மாதிரி ஒரு வாசனை எழும்பும். இலை செம்பு நிறத்துக்கு வந்திருக்கும். அந்த நேரத்தில் இரும்புச் சட்டியில் போட்டு, சின்னத் தீயில் கிளறிக் காயவைக்க வேண்டும். விட்டால் புளித்துக் கெட்டுவிடும். முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரியில் நான் பார்த்த வேலை இதுதான், அங்கே மெஷின் பெரியது, அவ்வளவுதான்.

தேயிலைக்கு எந்த வாசனையைக் கண்டாலும் பிடித்துக்கொள்கிற குணம் உண்டு. ஒரு வருஷம் உன் அம்மா பைகளையெல்லாம் தைலப் பாட்டில் இருந்த அலமாரியில் வைத்துவிட்டாள். தெரியாமல் எல்லார் வீட்டுக்கும் கொடுத்துவிட்டோம். நம் சர்ச் ஐயர் மட்டும் ஆராதனை முடிந்து கை கொடுக்கும்போது, "உங்கள் தேயிலை ஜலதோஷத்துக்கு ரொம்ப நல்லது" என்றார்.

தூள் முக்கால் கிலோ பார்சலில் வருகிறது. பை நீதான் தைக்க வேண்டும். பழைய தலையணை உறை, சின்னவனுக்குச் சின்னதாகிப்போன சட்டை, எதுவானாலும் சரி, சோப்பு வாசனை போக வெந்நீரில் அலசிக்கொள். அவன் கோணல்மாணலாகத் தைத்தால் பிரித்துத் தைக்காதே. வார்டில் உன்கூட வேலை செய்கிறவர்களுக்கு ஆளுக்கு ஐம்பது கிராம் என்றாலும் பதினைந்து பேருக்கு வரும். ஒன்றை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடு. நம் ஊர் கிட்டத்தட்ட 6,000 அடி உயரம், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் நாங்கள் தூளைக் கொஞ்ச நேரம் கூடுதலாக ஊறவிடுவோம். அங்கே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீருக்கு மூன்று நிமிஷம் போதும். அதற்கு மேல் விட்டால் கசக்கும், பழி என்மேல் வரும்.

பரிசு என்றதும் உனக்கு ஞாபகம் வருவது எது என்று எனக்குத் தெரியும். நீ கேட்கவில்லை, ஆனால் நானே சொல்லிவிடுகிறேன்.

1991. உனக்கு ஆறு வயது. குன்னூர் ஏலத்துக்குப் போகிற பிளைவுட் பெட்டி ஒன்று மூலை உடைந்து கிடந்தது. கேட்டு வாங்கி வந்து உன் பொம்மைக்குக் கட்டில் செய்ய ஆரம்பித்தேன். ஓரத்துத் தகரப் பட்டையைப் பிரித்து, ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டி நேராக்கி, நீ தூங்கின பிறகு தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். நாலு கால் மட்டும் பாக்கி. அதை 24-ஆம் தேதி ராத்திரி வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து ட்ரையர் நின்றுபோனது. புளிக்கப் போட்ட இலையை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்று, அதிகாலை ஆராதனைக்கு அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் காலில்லாமலேயே உன் தலைமாட்டுக்குப் போனது.

"ஏம்பா கால் இல்லை?" என்று கேட்டாய். குளிருக்குத் தரையோடு படுத்தால்தான் கதகதப்பு என்று சொல்லிவிட்டேன். பொய்தான். நீ நம்பி, அதைக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாய். பக்கவாட்டுப் பலகையில் பி.ஓ.பி. என்று தேயிலை ரகத்தின் பெயர் கறுப்பு மையில் அச்சாகி இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, பொம்மையின் பெயர் என்றேன். அந்தப் பொம்மைக்குக் கடைசிவரை பீயோபி என்றுதான் பெயர். பிறகு ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மாவோடு நீயும் ஃபேக்டரிக்கு வந்து, அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் என் பாப்பா பேரு போட்டிருக்கு!" என்று கத்தினாய். சிரிக்காதவர்கள் யாருமில்லை. நான் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி ரோலரைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

கட்டில் பரணில்தான் இருக்கிறது. அம்மா அதில் பட்டன்களைப் போட்டு வைத்திருந்தாள். போன மாதம் இறக்கிப் பார்த்தேன், கறையான் தொடவில்லை. வெட்டிப்போட்ட சில்வர் ஓக் கிளையில் நாலு கால் சீவி வைத்திருக்கிறேன். ஆணி அடிக்கவில்லை. அம்மா வேண்டாம் என்கிறாள், அது அப்படியே இருந்தால்தான் அது என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. நீ சொல், வைக்கவா, வேண்டாமா?

கேரல் பார்ட்டி இந்த வருஷம் 20-ஆம் தேதி நம் பக்கம் வருகிறது. முன்பு போல ராத்திரி ஒரு மணிக்கு பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு வருவதில்லை. கரடிக்கும் காட்டுமாட்டுக்கும் பயந்து ஒன்பது மணிக்கெல்லாம் பாடி முடித்துவிடுகிறார்கள். வருகிறவர்களுக்குக் கட்டஞ்சாயாவும் வர்க்கியும்தான். அந்த ஊட்டி வர்க்கி பிஸ்கட்டுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் தொட்டுச் சாப்பிட்டால் டம்ளரின் அடியில் பாதி உதிர்ந்துதான் கிடக்கிறது.

உங்கள் ஊரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாய். தோல் தளர்ந்த ஆரஞ்சு கிடைத்தால் குறுக்கே கீறி, கீழ்ப்பாதித் தோலை உடையாமல் கிண்ணம்போல் எடு. நடுவில் வெள்ளையாக ஒரு தண்டு நிற்கும், அதுதான் திரி. நல்லெண்ணெய் ஊற்று, தேங்காயெண்ணெய் உறைந்துவிடும். திரி எண்ணெயில் ஊறப் பத்து நிமிஷம் ஆகும், அதற்குள் சின்னவன் பத்துத் தடவை தீக்குச்சி கேட்பான். நீ பக்கத்திலேயே இரு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அம்மா வந்துவிட்டாள், கேட் சத்தம் கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா.

பின்குறிப்பு: அம்மா கடிதத்தைப் படித்துவிட்டாள். கேக் மாறின வருஷம் அவள் முந்திரி குறைத்துப் போட்டிருந்தாளாம், அதையும் எழுதச் சொல்கிறாள். இன்னொன்று, சின்னவனை ஒரு தாள்மேல் நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்து, போட்டோவாக அனுப்பாமல் தாளையே தபாலில் அனுப்பு. போட்டோவில் அளவு தெரியவில்லையாம். உல்லன் சாக்ஸ் குதிகால் திருப்புகிற இடத்தில் நிற்கிறது.