இருபொருள் புலவருக்கு அழகு, அறிவிப்புக்கு இழுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரே வெண்பா பாம்புக்கும் எள்ளுக்கும் பொருந்தும்படி காளமேகப் புலவர் பாடியதைச் சிலேடை என்று போற்றுகிறோம். அங்கே இருபொருள் திட்டமிட்டு வைக்கப்பட்டது. திட்டமிடாமல் நேரும் இருபொருளோ வேறு வகை. 'செம்பொன்பதின்தொடி' என்ற தொடரைப் பத்துத் தொடி எடையுள்ள செம்பொன் என்றும், ஒன்பது தொடி எடையுள்ள செம்பு என்றும் பிரிக்கலாம் என்பதைத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இது விளையாட்டன்று, கடனாகத் தந்தது பொன்னா செம்பா என்ற வழக்கே எழக்கூடும்.

அண்மையில் ஓர் அலுவலகத்தில், 'முதியோர் மற்றும் கைக்குழந்தை வைத்துள்ள பெண்களுக்கு மட்டும்' என்ற பலகையின் கீழ் நின்ற எழுபது வயதுப் பெரியவரை, அது பெண்கள் வரிசை என்று சொல்லி ஊழியர் அப்புறப்படுத்தினார். பலகையைப் படித்தால் இருவர் சொல்வதும் சரிதான்! 'முதியோருக்கும், கைக்குழந்தை வைத்துள்ள பெண்களுக்கும்' என்று எழுதியிருந்தால் வாக்குவாதமே வந்திராது. 'கு' போன்ற வேற்றுமை உருபையும், 'உம்' என்ற எண்ணும்மையையும் விழுங்கிவிடும் இந்த 'மற்றும்' (எங்கிருந்துதான் இவ்வளவு பரவியதோ!) அரசுப் படிவங்களிலும் மலிந்து கிடக்கிறது. அறிவிப்புகளை அச்சுக்கு அனுப்புமுன், அவற்றை எழுதாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்குமாறு அலுவலர்களை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்