சலாமும் கும்பிடும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்,

கும்பிடுவது அடிமைப் பழக்கம், வணக்கம் என்று சொல்வதுதான் தன்மானம் என்று இப்போது எங்கள் பகுதி மேடைகளில் அடிக்கடி பேசுகிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் என் அப்பாயி தொரைக்கு, அதாவது தோட்ட அதிகாரிக்கு, வைத்தது சலாம், கும்பிடு இல்லை. சலாம் என்றால் அரபியில் சமாதானம், நல்ல சொல்தான், ஆனால் வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்தில் அது தலைப்பாகையையும் செருப்பையும் கழற்றிவிட்டு ஒதுங்கி நிற்கிற பயமாக மாறிப்போனது.

கும்பிடு வேறு. கவ்வாத்து வெட்ட, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்க, போகும் முன் கவ்வாத்துசாமிக்கு முன்னால் கத்தியை வைத்து எங்கள் ஆட்கள் இரண்டு கையையும் குவிப்பார்களே, அதுதான் கும்பிடு, அதை யாரும் அதட்டி வாங்கவில்லை.

அப்புறம், வணக்கம் என்ற சொல்லும் வணங்கு, அதாவது வளை, என்பதிலிருந்து வந்ததுதானே? வில் வளைவதையே வள்ளுவர் ‘வில்வணக்கம்’ என்கிறார், குறள் 827. அப்படியிருக்க ஒன்று உயர்வு மற்றது தாழ்வு என்று எப்படிப் பிரிப்பது?

சரி, சலாம் போனது போகட்டும், அதற்காக நான் அழமாட்டேன். ஆனால் ‘கும்பிடுறேனுங்க’ என்று வாய் நிறையச் சொல்லும் எங்கள் பெரியவர்களைப் பிள்ளைகளுக்கு முன்னால் திருத்தாதீர்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகி