பழைய மண் அடுப்பை இடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் டெல்டா வீடுகளில் கொல்லைப்புற மண் அடுப்புக்கு மறுபடி வேலை வந்துவிடும். குளிக்க வெந்நீர், நெல் அவிப்பது, விசேஷ நாள் சமையல் எல்லாம் அதில்தான். விறகு கட்டுக்கட்டாகத் தீர்கிறது, சூடு மட்டும் ஏறவில்லை என்று பலர் அடுப்பையே இடித்துவிடுகிறார்கள். இடிக்கவே தேவையில்லை. தீ நன்றாகத்தான் எரிகிறது. சூடு பானையில் ஏறாமல், பானைக்கும் அடுப்புக்கும் நடுவே உள்ள சந்து வழியே போய்விடுகிறது.

நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி வெப்பம் உண்டு. 10 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுவர 400 போதும், அதாவது 100 கிராம் விறகு. அதற்கே ஒரு கிலோ எரிகிறது என்றால் பத்தில் ஒன்பது பங்கு வீண்.

முதலில் குமிழைப் பாருங்கள், அதாவது பானை உட்கார அடுப்பு விளிம்பில் வைத்திருக்கும் மண் மேடுகளை. பானையை ஏற்றிவிட்டு, அதன் அடிக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே சுண்டுவிரலை விடுங்கள். விரல் மட்டாக நுழைந்தால் சரி. இரண்டு விரல் சேர்ந்து நுழைந்தால் தீநாக்கு பானையைத் தொடாமலே வெளியே ஓடுகிறது என்று பொருள். வருஷா வருஷம் மேலே மேலே மண் பூசிக் குமிழ் உயர்ந்துவிடுவதுதான் காரணம். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பழைய அரிவாளால் சீவிக் குறைக்கலாம். ஒரேயடியாக விளிம்போடு மட்டமாகச் சீவிவிட்டால் புகை போக வழியில்லாமல் அடுப்பு வாய் வழியே முகத்தில் அடிக்கும்.

வெந்நீர் அண்டாவுக்கென்றே உள்ள அடுப்பானால் இன்னொன்றும் செய்யலாம். அண்டாவின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டு மண் வளையம் எழுப்புங்கள். சூடான காற்று அடியோடு நிற்காமல் பக்கத்தையும் தடவிக்கொண்டு மேலேறும். செலவில்லாமல் இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை. மண்ணுக்குப் பதிலாகத் தகடு வைப்பவர்கள் ஜிங்க் பூசிய தகட்டைத் தவிர்க்க வேண்டும். சூடேறினால் அதன் புகை நச்சு.

அடுத்தது அடுப்பின் அடித்தரை. தினமும் சாம்பலைச் சுரண்டிச் சுரண்டித் தரை குழிந்து, தீ பானைக்கு எட்டாமல் போயிருக்கும். 8 மில்லிமீட்டர் கம்பியில் ஐந்தாறு துண்டு வெட்டி, விரல் இடைவெளியில், தரைக்கு மூன்று அங்குலம் மேலே பதியுங்கள். கம்பிக்கும் பானை அடிக்கும் ஆறேழு அங்குலம் இருக்கட்டும். விறகு கம்பிமேல், காற்று கம்பிக்குக் கீழ். கீழே சாம்பலை அடைத்து வைத்தால் கம்பி போட்டதே வீண்.

புகைபோக்கி வைத்த அடுப்புக்குச் சட்டம் வேறு. அதில் குமிழே கூடாது. பாத்திரம் விளிம்பில் அப்படியே படிய வேண்டும். 1980-களில் அரசுத் திட்டத்தில் போட்ட புகையில்லா அடுப்புகளில் அளவு வேறான பாத்திரம் வைத்ததும், கொடியடுப்பை (பக்கத்தில் இருக்கும் இரண்டாவது அடுப்பு வாயை) திறந்தே போட்டதும் குழாயின் காற்று இழுப்பைக் கெடுத்தன. சந்து வழியே குளிர்காற்று குழாய்க்குள் போனால் தீ மந்தமாகும். குழாயில் படியும் கரியை மாதம் ஒருமுறை தட்டி எடுக்க வேண்டும். கீற்றுக் கூரையைத் துளைத்துக் குழாய் விடவே கூடாது; சுவர் வழியாக, கூரையை விட்டுத் தள்ளித்தான்.

விறகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் பிளந்து காயவைத்த சவுக்கும் கருவேலமும் நின்று எரியும். மட்டையும் பாளையும் பற்றவைக்க மட்டும். ஈர விறகில் உள்ள ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் ஆவியாக்கவே 600 கிலோ கலோரிக்கு மேல் செலவாகும்.

பூசும் மண்ணிலும் கவனம் வேண்டும். நம் வயல் களிமண்ணைத் தனியாகப் பூசினால் வெடிக்கும். களிமண் மூன்று பங்கு, மணல் இரண்டு பங்கு, உமி ஒரு பங்கு கலந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு மிதியுங்கள். வேதாரண்யம் பக்கம்போல உவர்மண் என்றால் உப்பு பூத்து உதிரும். வேறு இடத்து மண் எடுப்பது நல்லது. பழைய சுவரை நனைத்த பிறகே பூச வேண்டும், இல்லாவிட்டால் பொருக்காகப் பெயர்ந்துவிடும். மூன்று நாள் நிழலில் உலரவிட்டு, முதல் நாள் ஒரு வறட்டி மட்டும் வைத்து எரித்து, மறுநாள் விறகு வையுங்கள்.

ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி