காசிமேட்டுத் தம்பிக்கு, மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஏப்ரல் 15 வந்தாச்சு. இனி ஜூன் 14 வரை 61 நாள் நீ கரையில்தான். "லாஞ்சுல இருந்தாகூட நிம்மதியா இருக்கும்க்கா, வீட்டுல இருந்தா தினமும் சண்டை" என்று போனில் சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கொஞ்சம் உன் பெண்டாட்டி பக்கத்திலிருந்து பார். தடை உன் லாஞ்சு மாதிரி விசைப்படகுக்குத்தான், ஃபைபர் படகுகள் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மீன் வரத்து குறைவு, விலை ஏற்றம். வழக்கமாகப் போடும் முதலுக்கு அவள் கூடை நிறையாது. அதற்கே விடிவதற்கு முன்னால் ஏலத்தில் முட்டி மோத வேண்டும். அப்புறம் தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூவி விற்க வேண்டும். உனக்கு ஓய்வு, அவளுக்கோ வருஷத்திலேயே கஷ்டமான இரண்டு மாதம். வெயில் ஏறி வீடு திரும்புகிறவளிடம் "இன்னும் சோறு ஆகலையா?" என்றால் சண்டை வராமல் என்ன வரும்?

நீ சும்மா இருக்கிறாய் என்று சொல்லவில்லை. வலை சரிபார்ப்பதும் லாஞ்சுக்குப் பெயிண்ட் அடிப்பதும் தெரியும். சாயங்காலமானால் ரெட்டைப் போட்டு ஃபாலோ போடும்வரை கேரம்போர்டை விட்டு நகர மாட்டாய், அதுவும் தெரியும்.

யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று 2024-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பின்படி, பெண்கள் வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அந்த 88-ம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். துரும்பைக்கூட நகர்த்தாதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை!

அதனால் கூடமாட ஒத்தாசை எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள். தண்ணீர் பிடிக்கிற வேலையை எடு. லாரி எப்போது வரும் என்று விசாரிப்பது, குடங்களைக் கழுவி வரிசையில் போடுவது, பிடித்து வந்து அடுப்படியில் வைப்பது, லாரி வராத நாளில் கேனுக்குச் சொல்வது எல்லாமே நீதான். "லாரி வந்துடுச்சு, எழுந்து போ" என்று அவள் உன்னை உலுக்க வேண்டியிருந்தால், அந்த வேலை இன்னும் அவள் தலையில்தான் இருக்கிறது.

காசு விஷயம். அரசாங்க நிவாரணம் 8,000 ரூபாய் வரும். ஓனரிடம் அட்வான்ஸும் வாங்குவாய். எவ்வளவு என்று அவளிடம் நீயே சொல்லிவிடு, ஏலத்தில் நிற்கும்போது வேறு யாரோ சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு, பை, ஷூ என்று வரிசையாக வரும்.

பிள்ளைகளுக்கு நீ கடலிலிருந்து வந்து போகிற விருந்தாளி. வந்த வேகத்தில் "போனை வை, நோட்டைக் காட்டு" என்று அதிகாரம் பண்ணாதே. லீவில் ஒரு நாள் இரண்டு பேரையும் மெட்ரோவில் ஏற்றி விம்கோ நகர் வரை போய் வா. அவளைக் கூப்பிடாதே, வீட்டில் காலை நீட்டித் தூங்கட்டும்.

நீ மறுபடி கடலுக்குப் போனபின் தண்ணீர் யார் பிடிப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். எதிர்வீட்டுப் பையனுக்குக் காசு கொடுத்தாலும் சரி, அந்தச் செலவு உன்னுடையது.

முதல் தடவை போய்த் திரும்பியதும் சொல், வருகிறேன். வஞ்சிரம் எல்லாம் வேண்டாம், சங்கரா போதும். குழம்பு நீதான் வைக்க வேண்டும். லாஞ்சில் வைப்பாயே, அதே குழம்பு.

இப்படிக்கு,
அக்கா