பிரியாணி போதும், ஃபினாயில் வாங்கித் தாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை பக்கம் ஏதாவது ஒரு முதியோர் இல்லத்துக்கோ மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகத்துக்கோ போன் போட்டு, பிறந்தநாளுக்கு ஒரு வேளை சாப்பாடு போடுகிறோம் என்று கேட்டுப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் பெரும்பாலும் ஏற்கெனவே ஒருத்தர் சொல்லியிருப்பார். நல்லதுதான். ஆனால் துணி சோப்பு, ஃபினாயில், கொசுவத்தி, நாப்கின், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு டயப்பர், இதெல்லாம் யார் வாங்கித் தருவது? டயப்பர் ஒரு ஆளுக்கே ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஆகும், விலையும் கொஞ்சநஞ்சமில்லை. பிரியாணி அண்டா பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கலாம், ஃபினாயில் கேனோடு யார் எடுப்பார்கள்!

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர் நின்று வடிந்த பிறகு எங்களுக்கு வேண்டியிருந்தது துடைப்பம், பிளீச்சிங் பவுடர், பாய், போர்வை. வந்து இறங்கியதில் பாதி, கொக்கி போன ஜாக்கெட்டும் ஜிப் இல்லாத பேன்ட்டும். அந்த மூட்டைகள் தெருமுனையில் நனைந்து நாறி, கடைசியில் குப்பை வண்டியில் கொடுங்கையூருக்குப் போயின. அந்தக் குப்பைமேடும் எங்கள் தலையில்தான்.

கிழிந்த பெட்ஷீட், பழைய டவல், நியூஸ்பேப்பர் இதையெல்லாம் தூக்கிப் போடவும் வேண்டாம். நாய், பூனைகளை வைத்துப் பார்க்கிற காப்பகங்களில் குட்டிகளுக்குக் கீழே விரிக்க அதுதான் தினமும் தேவை. அங்கே தீவனம் கொடுப்பதாக இருந்தால் பிரிக்காத பாக்கெட்டாக, தேதி பார்த்துக் கொடுங்கள், பிரித்து வைத்தது நம்ம ஊர் ஈரக்காற்றில் பூசணம் பிடித்துவிடும். பூனைக்குப் பூனைத் தீவனம்தான், நாய்த் தீவனத்தில் அதற்கு வேண்டிய டாரின் என்ற சத்து போதாது. அப்புறம், மிச்சமான பரோட்டா சால்னாவைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள், வெங்காயம் நாய்க்கும் ஆகாது பூனைக்கும் ஆகாது. தெருநாய்களுக்குச் சாப்பாடு வைக்க வார்டுதோறும் தனி இடம் ஒதுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டிலேயே உத்தரவிட்டது. எங்கள் தெருக்காரர்களைக் கேட்டால் அப்படி ஓர் இடம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மாநகராட்சிக்கு ஒரு கோரிக்கை. வார்டு அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள், பக்கத்து இல்லங்களுக்கும் காப்பகங்களுக்கும் இந்த மாதம் என்ன தேவை, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதிப் போடுங்கள். நாய்களுக்குச் சாப்பாடு வைக்கும் இடத்தையும் அதிலேயே எழுதிவிடலாம். செலவு ஒரு டப்பா சாக்பீஸ்.

இப்படிக்கு,
வியாசர்பாடி வாசகர்