கருகிய கொடியை வெட்டவிடாமல் தடுத்தவர்களுக்கு

லென்ஸ்வுட், அடிலெய்டு ஹில்ஸ், தெற்கு ஆஸ்திரேலியா

அன்புடையீர், வணக்கம்.

2019 டிசம்பர் 20 அன்று எங்கள் பகுதியின் கட்லீ கிரீக்கில் பிடித்த காட்டுத்தீ 23,000 எக்டேருக்கு மேல் எரித்துத் தீர்த்தது. ஓர் உயிர் போனது, 80க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. தீ எல்லைக்குள் சிக்கிய திராட்சைத் தோட்டம் மட்டும் சுமார் 1,100 எக்டேர். அப்போது கருகிய பினோ நுவார் திராட்சை வரிசைகளிலிருந்து இந்த 2022 அறுவடையில்தான் சொல்லிக்கொள்ளும்படி பழம் வந்திருக்கிறது. பீப்பாயை மூடிய கையோடு எழுதுகிறோம்.

கண்ட்ரி ஃபயர் சர்வீஸ் தீயணைப்புத் தன்னார்வலர்களே, தீ தாண்டிப் போன பிறகும் நீங்கள் திரும்பத் திரும்ப வந்தது கொடிப் பந்தலின் கம்பங்களுக்காக. அரிக்காமலிருக்க மருந்தேற்றிய பைன் கம்பத்தில் தணல் பிடித்தால் சுடரே தெரியாது. உள்ளுக்குள் கனன்று நாள்கணக்கில் எரியும். அந்த மருந்தால் சாம்பலில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறது. மாடு அதை விரும்பி நக்கும், செத்தும் போகும். பக்கத்து மந்தையை அப்புறம் ஓட்டச் சொன்னதும், சாம்பலை நனைத்த பிறகே முகக்கவசமும் கையுறையும் போட்டு அள்ள வேண்டும் என்று நிறுத்தியதும் நீங்கள்தான். முதல் மழைக்கு முன் கூரைக் குழாய்களை மழைநீர்த் தொட்டியிலிருந்து கழற்றிவிடச் சொன்னீர்கள்; சாம்பல் கலக்காமல் குடிதண்ணீர் தப்பியது.

2009 விக்டோரியா தீக்குப் பின் உருவான பிளேஸ்எய்டு அமைப்பின் தன்னார்வலர்கள் வேலியை நிமிர்த்தினார்கள். தனியே வந்தவர்கள் பந்தல் கம்பியைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எளிதாகத் தெரியலாம். வரிசைக் கடைசிக் கம்பம் நிற்பதுபோல நிற்கும், மண்மட்டத்தில் கரியாகியிருக்கும். கம்பியை இழுத்தால் மொத்த வரிசையும் சாயும். இறுக்கத்தைத் தளர்த்தாமல் வெட்டினால் கம்பி சாட்டைபோல் முகத்துக்கு வரும். சூடு கண்ட கம்பியில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும், சீக்கிரமே துரு. அதனால் நல்லதுபோலத் தெரிந்ததையும் சுருட்டி ஒதுக்கினீர்கள். உருகி ஒட்டிய சொட்டுநீர்க் குழாயைக் கத்தியால் சுரண்டிய அந்த வேலைக்குத் தனி நன்றி. புதுக்குழாய் போட்டதும் பம்பைத் திறக்கப் போன எங்களைத் தடுத்து, குழாய் முனைகளை முதலில் திறந்து கழுவவைத்தவர் ஒரு பிளம்பர். கறுத்த தண்ணீரும் பிளாஸ்டிக் துணுக்கும் கொட்டின. அவை அத்தனையும் சொட்டுவாய்களில் போய் அடைத்திருக்கும்.

இனி, இந்த மடலின் தலைப்புக்கு உரியவர்கள். முதல் வாரத்தில் ரம்பத்தோடு வந்தவர்களின் மனசு பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் 'பொறு' என்று சொன்ன பழைய தோட்டக்காரர்கள்தான் தோட்டத்தைக் காப்பாற்றினார்கள். தண்டில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பட்டையைச் சீவிக் காட்டினீர்கள்: ஈரமாகப் பச்சை தெரிந்தால் உயிர், காய்ந்து பழுப்பாக இருந்தால் அந்த இடம் போய்விட்டது. சுற்றிலும் நாலு இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் தப்பியிருக்கும். வரிசை நடுவே புல்லை ஒட்ட வெட்டியிருந்த இடங்களில் இலை மட்டும் வாடியது. கொடியடியில் வைக்கோல் மூடாக்கு போட்டிருந்த இடங்களில் அது நின்று கனன்று தண்டையே வேகவைத்தது. இலை இல்லாத கொடி அதிகம் குடிக்காது, தண்ணீரைக் குறைத்து விடுங்கள் என்றீர்கள். தூரிலிருந்து தளிர் வரும்வரை கவாத்துக் கத்தரியைத் தொடவில்லை. வந்த தளிர்களில் நேரான ஒன்றைக் குச்சியோடு கட்டிப் புதுத் தண்டாக ஏற்றினோம். சொந்த வேர்க்கொடிகளைத் தரையோடு ஒட்டி வெட்ட முடிந்தது. ஒட்டுக் கொடிகளில் வேர் வேறு ரகம் என்பதால் ஒட்டுக்கு மேலே வந்த தளிரை மட்டும்தான் வைக்க முடியும். அடுத்த குளிர்காலத்தில் தண்டு கம்பி உயரம், அதற்கடுத்ததில் கம்பியில் இருபுறமும் கைபோலக் கிளை.

தீ தொடாத சார்டனே என்ற வெள்ளைத் திராட்சை வரிசைகளில் புகைதான் கவலை. புகையிலுள்ள குவாயகால் போன்ற மணச் சேர்மங்கள் பழத்துக்குள் சர்க்கரையோடு பிணைந்துவிடும். பழத்தைத் தின்றால் ஒன்றும் தெரியாது. நொதித்த பிறகு அவிழ்ந்து, அணைந்த அடுப்பை நாக்கால் தொட்ட மாதிரி இருக்கும். தீயின்போது காய் பட்டாணி அளவுதான், ஆபத்து குறைவு. ஆனாலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அறுவடைக்கு முன் ஒரு வாளி பழத்தைத் தனியே நொதிக்கவைத்து முகரச் சொன்ன ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரை எங்களுக்குக் கைகொடுத்தது. கையால் பறித்து, இலை விழாமல் பார்த்து, பழத்தைக் குளிர்வித்து, கொத்தோடு மெதுவாகப் பிழிந்தோம். டன்னுக்கு 400 லிட்டரோடு முதல் சாற்றை நிறுத்தித் தனித் தொட்டியில் விட்டோம். பிந்திய பிழிவில்தான் புகை ஏறும். கரித்தூள் போட்டு வடிக்கலாம்தான், ஆனால் அது மணத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அதனால் பிந்திய சாற்றில் மட்டும் போட்டோம்.

மின்சாரம் வரும்வரை குளிர்விப்பானுக்கு மும்முனை ஜெனரேட்டர் கொடுத்தவருக்கும், 2020-இல் பழத்தைக் கடனாகத் தந்த தோட்டங்களுக்கும் நன்றி. பழத்துக்குப் பதில் பழமே தருவதாகப் பேச்சு. அடுத்த அறுவடையில் பழம் நிரப்ப உங்கள் தொட்டிகளை அனுப்பிவையுங்கள்.

சங்கிலி வைத்த கம்பி இழுப்பான்கள் இரண்டு இன்னும் எங்கள் ஷெட்டில் கிடக்கின்றன. ஒன்றின் கைப்பிடியில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறது. எண்ணெய் போட்டு வைத்திருக்கிறோம். உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வரும்போது வண்டியில் ஒரு பெட்டி ஒயினுக்கு இடம் வையுங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துக் குடும்பத்தார்